நூலும் ஸ்கேலும் போதும்: முன் சக்கர டோவை வீட்டிலேயே அளந்து சரிசெய்வது

முன் டயரின் நடுப்பகுதியில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) நன்றாக இருக்கிறது. ஆனால் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகி, கம்பி எட்டிப் பார்க்கிறது. நின்றுகொண்டு பார்த்தால் கண்ணில் படாத இடம் என்பதால், டயர் கடையில் கழற்றிப் போடும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் ஒரே ஒரு அளவு, டோ. வீல் அலைன்மென்டில் வரும் கோணங்களில் டயரை அதிகம் தின்பது இதுதான். அதிர்ஷ்டவசமாக, வீட்டில் நூலும் ஸ்டீல் ஸ்கேலும் வைத்துத் துல்லியமாக அளக்கக்கூடியதும், இரண்டு ஸ்பேனரில் திருத்தக்கூடியதும் இதுவேதான்.

அலைன்மென்ட் என்றால் மூன்று கோணங்கள். காரை முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது பெரும்பாலும் இதனால்தான். மூன்றாவது டோ. மேலேயிருந்து பார்த்தால், இரண்டு முன் சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடையேயுள்ள தூரம் பின்விளிம்புகளுக்கு இடையேயுள்ள தூரத்தைவிடக் குறைவாக இருந்தால் டோ-இன். அதிகமாக இருந்தால் டோ-அவுட். பாதங்களின் கட்டைவிரல்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி நிற்பது டோ-இன், விரித்து நிற்பது டோ-அவுட்.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன் சக்கர இழுவை கொண்டவை, முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) உள்ளவை. இவற்றில் காஸ்டரை மாற்ற வழி கிடையாது. கேம்பரை ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) சேரும் போல்ட்டுகளில் கொஞ்சம் மாற்றலாம், பல மாடல்களில் அதுவும் இல்லை. ஆகவே கடையில் அலைன்மென்ட் செய்து தருகிறார்கள் என்றால், இந்தக் கார்களில் பெரும்பாலும் முன் டோவைத்தான் திருத்துகிறார்கள்.

சில மில்லிமீட்டர் பிசகு அவ்வளவு கெடுக்குமா என்ற சந்தேகம் வரும். கணக்கைப் பார்த்துவிடுவோம். 165/80 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 620 மி.மீ. டயர்களில் அளக்கும்போது மொத்த டோ 3 மி.மீ. தவறாக இருக்கிறது, ஒரு சக்கரத்துக்கு 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 620-க்கு 1.5 என்றால், ஒரு கிலோமீட்டர் ஓடும்போது ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ 2.4 மீட்டர் தூரம் பக்கவாட்டில் தார் ரோட்டில் தேய்க்கப்படுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டரில் அது 24 கிலோமீட்டர். உருளும் டயர் அதிகம் தேயாது, தேய்த்து இழுக்கப்படும் டயர்தான் தேயும்.

டயரைக் கையால் தடவிப் பார்த்தாலே டோவின் திசை தெரியும். பட்டனின் மேல் உள்ளங்கையை வைத்து, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளேயிருந்து வெளியே ஒருமுறை தடவுங்கள். உள்ளே போகும்போது வழவழப்பாகவும், வெளியே இழுக்கும்போது ரம்பப் பல்போல உறுத்தினால் டோ-இன் அதிகம். எதிர்த்திசையில் உறுத்தினால் டோ-அவுட். உறுத்தலே இல்லாமல் ஒரு விளிம்பு மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தால் கேம்பரையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் அலைன்மென்டைத் தொடவே வேண்டாம், காற்று குறைவாக ஓடியிருக்கிறது.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அதற்கு டோ காரணமாக இருப்பது அரிது. ஓடும்போது இரண்டு முன் சக்கரங்களும் டோ பிசகைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும், வண்டி நேராகவே போகும், ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கும். இழுப்புக்குக் காரணம் இடது வலது கேம்பர் அல்லது காஸ்டர் வித்தியாசம், காற்றழுத்த வித்தியாசம், விடாமல் பிடிக்கும் பிரேக், அல்லது டயரின் உள் அமைப்பு. டயரா என்று பார்க்க, முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர்களில் மட்டும் இதைச் செய்யக்கூடாது. நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள். மழைநீர் வடிய ரோடு ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், எல்லாம் சரியாக இருந்தாலும் கார் லேசாக இடப்பக்கம் நகரும். அது கோளாறு அல்ல.

அளப்பதற்கு முன்

ஆட்டம் உள்ள வண்டியில் அலைன்மென்ட் செய்வது வீண். முன் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்குங்கள். ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து உலுக்கி ஆடினால் டை ராடு எண்ட், அல்லது ராக்குக்குள் இருக்கும் உள் மூட்டு. ராக் என்பது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இடவலமாக நகரும் பல் தண்டு; அதைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு டை ராடு, அதன் சக்கரப் பக்க மூட்டு டை ராடு எண்ட். சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புஷ் போன வண்டியில் நிற்கும்போது ஒரு டோ, பிரேக் போடும்போது வேறு டோ. இவற்றில் எது போயிருந்தாலும் அதை மாற்றிய பிறகுதான் நூல் கட்ட வேண்டும்.

நான்கு டயரிலும் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று. டிக்கியில் கிடக்கும் மூட்டை முடிச்சுகள் வெளியே. இடம் சமமாக இருக்க வேண்டும். வீட்டுப் போர்டிகோவில் தண்ணீர் ஓட வாட்டம் விட்டுத்தான் தளம் போட்டிருப்பார்கள். அந்த வாட்டம் காரின் நீளவாக்கில் இருந்தால் டோ அளக்கத் தடையில்லை. பக்கவாட்டில் இருந்தால், இடது வலது முன் டயர்கள் நிற்கும் இடத்தில் டியூப் லெவல் பிடித்துப் பாருங்கள். தாழ்ந்த பக்கத்தில் டைல்ஸ் துண்டு வைத்துச் சமப்படுத்தலாம், பின் சக்கரங்களுக்கும் அப்படியே.

முன் சக்கரங்களுக்கு அடியில் வேறொன்றும் வேண்டும். டை ராடைத் திருப்பும்போது சக்கரம் திரும்ப முயலும். தரை அதை விடாமல் பிடித்துக்கொண்டால், திருப்பிய அளவு ரப்பர் புஷ்களிலும் டயரின் பக்கச் சுவரிலும் முறுக்காகத் தங்கிவிடும். ஸ்கேல் பொய் சொல்லும். ஒரு சக்கரத்துக்கு இரண்டு வழவழப்பான ஃப்ளோர் டைல்ஸ் எடுத்து, மெருகிட்ட முகங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, நடுவில் கிரீஸ் தடவி, அதன்மேல் சக்கரத்தை ஏற்றுங்கள். டைல்ஸுக்கு அடியில் தரை மேடுபள்ளமாக இருந்தால் எடையில் உடைந்துவிடும்; சமமான சிமெண்ட் தளம் அவசியம். முன் சக்கரங்களை உயர்த்திய அதே அளவு பின் சக்கரங்களுக்கும் டைல்ஸ் வையுங்கள், அங்கே கிரீஸ் வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, பானட்டின் மேல் கைவைத்து நாலைந்து முறை நன்றாக அழுத்தி விடுங்கள். ஜாக்கில் தூக்கி இறக்கிய வண்டியின் சக்கரங்கள் உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் அளந்த எந்த அளவும் செல்லாது.

அடுத்து ஸ்டீயரிங். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பி, மொத்தச் சுற்றை எண்ணுங்கள். மூன்றரைச் சுற்று என்றால் ஒன்றே முக்கால் சுற்றில் ராக் நடுவில் இருக்கும். அந்த இடத்தில் ஸ்டீயரிங் வீலும் நேராக இருக்கிறதா? இருந்தால் வேலை சுலபம். நேராக வைத்து, டிரைவர் சீட்டோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். சாவி எடுத்ததும் விழும் ஸ்டீயரிங் லாக்கை நம்ப வேண்டாம், அதில் சில டிகிரி ஆட்டம் உண்டு.

நூல் கட்டுவது

இரண்டு அலுமினிய அல்லது இரும்புச் சதுரக் குழாய்கள், தலா ஏழு அடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு முனைகளிலும் ஒரே இடத்தில் ரம்பத்தால் சிறு வெட்டு போடுங்கள். வெட்டுக்கும் வெட்டுக்கும் உள்ள தூரம் இரண்டு குழாயிலும் அரை மில்லிமீட்டர் கூட மாறக்கூடாது. முழு முறையின் துல்லியமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு குழாயை பம்பருக்கு முன்னால் இரண்டு ஸ்டூல்கள் மேலும், இன்னொன்றை டிக்கிக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல்கள் மேலும் வையுங்கள். வெட்டுகளில் கொத்தனார் நூலையோ, இன்னும் நல்லதாகத் தூண்டில் நரம்பையோ மாட்டி, முனைகளில் பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிட்டால் நூல் எப்போதும் ஒரே இறுக்கத்தில் நிற்கும். உயரம் சக்கரத்தின் நடுப்பகுதிக்குச் சரியாக இருக்க வேண்டும். சைடு மிரர்களை மடக்கிவிடுங்கள்.

இப்போது காரின் இரு பக்கமும் இரண்டு இணை நூல்கள். அவற்றுக்கு நடுவில் கார் சரியாக இருக்கும்படி குழாய்களை நகர்த்த வேண்டும். இடது முன் சக்கர மையத்திலிருந்து நூலுக்கு உள்ள தூரமும் வலது முன் சக்கர மையத்திலிருந்து உள்ள தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். பின் சக்கரங்களிலும் அப்படியே. முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பல கார்களில் முன் சக்கர அகலமும் பின் சக்கர அகலமும் சில மில்லிமீட்டர் மாறும். தெரியாமல் நான்கையும் சமமாக்க முயன்று அரை நாள் போனவர்கள் உண்டு. ஒரு முனையை நகர்த்தினால் மறு முனையும் மாறும் என்பதால் நாலைந்து முறை சுற்றிவர வேண்டியிருக்கும். பொறுமையாகச் செய்யுங்கள்.

பிறகு ஸ்டீல் ஸ்கேலை நூலுக்குச் செங்குத்தாகப் பிடித்து, ரிம்மின் முன்விளிம்பிலிருந்து நூல் வரை, பின்விளிம்பிலிருந்து நூல் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேல் நூலைத் தொடக்கூடாது, தொட்டால் நூல் தள்ளும். அரை மில்லிமீட்டர் வரை படியுங்கள். ரிம் விளிம்பு பிளாட்பாரத்தில் உரசி நசுங்கியிருந்தால் அந்த இடத்தைத் தவிர்த்து, சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டி வேறு இடத்தில் அளக்க வேண்டும். நூல் வெளியே இருப்பதால், முன்விளிம்பின் தூரம் அதிகமாக இருந்தால் சக்கரம் உள்ளே பார்க்கிறது, டோ-இன். குறைவாக இருந்தால் டோ-அவுட்.

ஒரு எடுத்துக்காட்டு. இடது சக்கரம்: முன் 81, பின் 84. அதாவது 3 மி.மீ. டோ-அவுட். வலது சக்கரம்: முன் 85, பின் 84. அதாவது 1 மி.மீ. டோ-இன். கூட்டினால் மொத்தம் 2 மி.மீ. டோ-அவுட். இரண்டு சக்கரங்களும் இடப்பக்கமாகத் திரும்பியிருப்பதால், இந்த வண்டி ரோட்டில் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வலப்பக்கம் கோணிக்கொண்டு நிற்கும்.

அளந்ததை எதோடு ஒப்பிடுவது? உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் சட்டம். முன் சக்கர இழுவைக் கார்களில் பலவற்றுக்கும் இது சுழியத்தை ஒட்டியே இருக்கும். ஓடும்போது எஞ்சின் சக்கரங்களை முன்னோக்கி இழுக்கும், அதனால் அவை உள்ளே மூட முயலும். பின் சக்கர இழுவை வண்டிகளில் முன் சக்கரங்கள் தள்ளப்படுகின்றன, விரியப் பார்க்கும், அதனால் கொஞ்சம் டோ-இன் வைப்பார்கள். மேனுவல் டிகிரியில் கொடுத்திருந்தால் மாற்றிக்கொள்வது எளிது: 14 அங்குல ரிம்மின் வெளிவிளிம்பு விட்டம் ஏறத்தாழ 380 மி.மீ., அங்கே 1 மி.மீ. என்பது சுமார் 0.15 டிகிரி. 620 மி.மீ. டயரின் விளிம்பில் அளந்தால் 1 மி.மீ. என்பது 0.09 டிகிரிதான். மேனுவல் மில்லிமீட்டரில் கொடுத்திருந்தால் ரிம்மிலா டயரிலா என்று பார்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

குழாய், நூல் எல்லாம் தோதுப்படவில்லை என்றால், மொத்த டோவை மட்டும் அறிய எளிய வழி ஒன்று உண்டு. சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, டயரின் நடுவில் சாக்பீஸ் பூசி, அசையாமல் பிடித்த ஆணியால் மெல்லிய கோடு போடுங்கள். இரண்டு பக்கமும் போட்டபின் இறக்கி, வண்டியைச் சில மீட்டர் முன்னோக்கி உருட்டுங்கள். இருவர் டேப்பைப் பிடித்து, டயர்களின் முன்பக்கத்தில் கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து, அளந்த இடத்தில் குறி போடுங்கள். சக்கரம் அரைச் சுற்று சுற்றும்படி, ஏறத்தாழ ஒரு மீட்டர், முன்னோக்கி உருட்டினால் அதே குறிகள் பின்பக்கம் வந்துவிடும். அங்கே மறுபடி அளங்கள். ஒரே புள்ளிகளை அளப்பதால் ரிம் வளைவு கணக்கில் வராது. வண்டியைப் பின்னோக்கி மட்டும் உருட்டாதீர்கள், புஷ்கள் எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்ளும். இந்த முறை ஸ்டீயரிங் கோணலைப் பற்றி எதுவும் சொல்லாது.

திருப்புவது

டை ராடும் டை ராடு எண்டும் சேரும் இடத்தில் லாக் நட் இருக்கும். ஸ்டீயரிங்கைக் கட்டிய கயிற்றை அவிழ்த்து, வேலை செய்யும் பக்கம் முழுதாகத் திருப்பினால் கை எட்டும். வயர் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, டபிள்யூடி-40 அடித்து அரைமணி நேரம் ஊற விடுங்கள். டை ராடு எண்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் லாக் நட்டைத் தளர்த்துங்கள். பிடிக்காமல் இழுத்தால் எண்டின் பால் ஜாயின்ட் முறுக்கி, ரப்பர் கிழியும். கழற்ற வேண்டியது எதுவும் இல்லை, தளர்த்தினால் போதும். ராக்கின் முனையை மூடும் நெளிவான ரப்பர் உறையை (பூட்) பிடித்திருக்கும் சிறிய கிளிப்பையும் தளர்த்துங்கள். இல்லையென்றால் ராடோடு சேர்ந்து அந்த உறையும் முறுக்கிக்கொண்டு, சில மாதங்களில் கிழிந்து மண் உள்ளே போய் ராக்கைத் தின்றுவிடும்.

ராடின் மேல் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்ட பிறகே திருப்புங்கள். எத்தனை சுற்று திருப்பினோம் என்று தெரியவேண்டும், தேவைப்பட்டால் தொடங்கிய இடத்துக்குத் திரும்பவும் வேண்டும். மரை அதிகம் வெளியே தெரிந்தால் ராடு நீள்கிறது, குறைந்தால் சுருங்குகிறது. கடிகாரச் சுற்று, எதிர்ச்சுற்று என்று மனப்பாடம் செய்வதைவிட இதைக் கண்ணால் பார்ப்பது நம்பகமானது. நீட்டினால் எந்தப் பக்கம் போகும்? ஸ்டீயரிங் ராக் சக்கர மையத்துக்குப் பின்னால் இருக்கும் கார்களில், பெரும்பாலான சிறிய கார்கள் இப்படித்தான், ராடை நீட்டினால் சக்கரத்தின் பின்விளிம்பு வெளியே தள்ளப்படும், டோ-இன் கூடும். ராக் முன்னால் இருந்தால் நேர்மாறு. குனிந்து ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு திருப்புவது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். டை ராடு மரையின் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு மரை நகரும் தூரம், பொதுவாக 1.25 அல்லது 1.5 மி.மீ. சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் ஆர்மின் நீளம் சிறிய கார்களில் சுமார் 13 செ.மீ. என்று வைத்தால், ஒரு முழுச் சுற்றுக்கு ரிம்மில் ஏறத்தாழ 4 மி.மீ. மாறும். கால் சுற்றே 1 மி.மீ. மேலே சொன்ன எடுத்துக்காட்டில், ராக் பின்னால் உள்ள கார் என்றால், இடது ராடை முக்கால் சுற்று நீட்டி, வலது ராடைக் கால் சுற்று சுருக்கினால் இரண்டும் சுழியத்துக்கு வந்துவிடும். உங்கள் காரின் சரியான விகிதம் முதல் கால் சுற்றைத் திருப்பி அளந்ததும் தெரிந்துவிடும்.

ஸ்டீயரிங் ஏற்கெனவே நேராக இருந்து மொத்த டோ மட்டும் தவறு என்றால் இரண்டு பக்கமும் சமமாகத் திருப்புங்கள். கை எட்டும் பக்கத்தில் மட்டும் திருப்பி முடிப்பது கெட்ட பழக்கம். மொத்த டோ சரியாகிவிடும், ஆனால் ஸ்டீயரிங் கோணும். இதைவிட மோசமானது, கோணிய ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டுவது. ஏர்பேக் உள்ள வண்டியில் அது ஆபத்து. ராக் நடுவில் இல்லாமல் போவதால் ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவாகத் திரும்பும். இரண்டு டை ராடுகளிலும் வெளியே தெரியும் மரையின் நீளம் மிகவும் வேறுபட்டிருந்தால், முன்பு யாரோ இப்படிச் செய்திருக்கிறார்கள், அல்லது ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது.

திருப்பியதும் ஸ்டீயரிங்கை மறுபடி நடுவில் கட்டி, பானட்டை அழுத்தி விட்டு, நூல் நகரவில்லை என்று சக்கர மையங்களில் சரிபார்த்து, புதிதாக அளங்கள். சரியாக இருந்தால் எண்டைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டை டார்க் ரெஞ்சால் மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளக்க மறக்காதீர்கள், நட் இறுகும்போது ராடு நூலளவு சுற்றிக்கொள்வது சகஜம். பூட் நேராக இருக்கிறதா என்று பார்த்து கிளிப்பைப் போடுங்கள். லாக் நட் தளர்ந்த வண்டி ரோட்டுக்குப் போகவே கூடாது. இரு பக்கமும் இறுக்கியதும் நட்டின் மேலும் ராடின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டால், அடுத்த வாரம் குனிந்து பார்த்தாலே தளர்ந்ததா என்று தெரியும்.

ஓட்டிப் பார்க்கும்போது வாகனம் குறைந்த, சமமான ரோட்டில் 40 முதல் 60 கி.மீ. வேகம் போதும். ஸ்டீயரிங் இன்னும் லேசாகக் கோணியிருந்தால் மொத்த டோவைக் கெடுக்காமல் ஒரு ராடை நீட்டிய அதே அளவு மறு ராடைச் சுருக்க வேண்டும். ராக் பின்னால் உள்ள காரில், நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் இடது ராடை நீட்டி, வலது ராடைச் சுருக்குங்கள். அரைக்கால் சுற்றாகப் போங்கள்.

விபத்தில் அடிபட்ட வண்டி, பின் சக்கரங்களில் தேய்மானம் தெரியும் வண்டி, ஸ்ட்ரட் மாற்றி கேம்பர் போல்ட்டைத் தொட்ட வண்டி ஆகியவற்றைக் கணினி அலைன்மென்ட் உள்ள கடைக்கு எடுத்துச் செல்வதே சரி. கேம்பர் மாறினால் டோவும் மாறும், அதனால் டோ எப்போதும் கடைசி வேலை. வழுக்கலைத் தடுக்கும் இஎஸ்சி உள்ள கார்களிலும், லேன் பார்த்துத் தானே ஸ்டீயரிங்கைத் திருத்தும் கார்களிலும், நேர்நிலை மாறியதை ஸ்கேனர் மூலம் ஸ்டீயரிங் சென்சாருக்குச் சொல்ல வேண்டியிருக்கலாம். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓட்டிக்கொண்டே இருக்காமல் அதைச் செய்துவிடுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் முன் டயர்களை மறுபடி இரு திசையிலும் தடவிப் பாருங்கள். பழைய ரம்பப் பல் மழுங்கத் தொடங்கியிருந்தால் டோ சரி. புதிதாக எதிர்ப்பக்கம் உறுத்தினால் அளவைத் தாண்டிப் போய்விட்டது, மறுபடி நூல் கட்ட வேண்டும்.